மன்னர்களுக்குக் கிடைக்காத வானம்

தெருவுக்குப் பெயர் வைப்பது அதிகாரத்தின் வேலை. பல தசாப்தங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், இலங்கையில் எத்தனையோ வீதிகளும் மைதானங்களும் மண்டபங்களும் வாழ்கின்ற அரசியல்வாதிகளின் பெயரைச் சூடித் திறந்து வைக்கப்பட்ட செய்திகளை நான் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆட்சி மாறும்போது சில பெயர்கள் மாறும். சில பலகைகள் துருப்பிடித்து விழும். பெயர் வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்பதைப் பின்னர் எவரும் கேட்பதில்லை.

வானத்திலும் பெயர் சூட்டல் நடக்கிறது. அங்கே இந்த வழக்கம் நேர்மாறாக இருப்பதைச் சில காலத்துக்கு முன்னர் வாசித்து அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் மன்னர்களின் பெயரைத் தேடுவதைவிட விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர்களின் பெயரையும், அக்கதைகளில் நடித்தவர்களின் பெயரையும் தேடுவது இலகு. இது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வானத்தை அரசர்களுக்குக் காணிக்கையாக்கும் முயற்சிகள் முன்னர் நடக்காமல் இல்லை. 1610ஆம் ஆண்டில் வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்களைக் கண்ட கலிலியோ, அவற்றுக்குப் புளோரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். அதன் பயனாக அரசவைக் கணிதராகப் பதவியும் பெற்றார். இன்று அவற்றை எவரும் மெடிச்சி நட்சத்திரங்கள் என்று அழைப்பதில்லை. அவை கலிலியோவின் சந்திரன்கள். 1781இல் புதிய கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல் அதற்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயரை வைத்தார். மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண் மானியம் வழங்கினார். ஆனால் ஏனைய நாட்டார் அப்பெயரை ஏற்கவில்லை. அக்கிரகம் யுரேனஸ் ஆயிற்று.

சிறுகோள்களின் கதை இதன் பின்னர்தான் ஆரம்பமாகிறது. 1801 ஜனவரி முதலாந் திகதி இரவு, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இருந்த வானியலாளரும் கத்தோலிக்கத் துறவியுமான ஜுசெப்பே பியாற்சி, நட்சத்திர அட்டவணை ஒன்றைத் தயாரிக்கும் வேலையின்போது இடம்பெயரும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். அதற்கு அவர் இட்ட பெயர் சீரிஸ் பேர்டினண்டியா. சீரிஸ் உரோமரின் தானியத் தெய்வம். பேர்டினண்ட் அப்போது நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஆண்ட மன்னர். உலகம் தெய்வத்தை வைத்துக்கொண்டு மன்னரைக் கழற்றிவிட்டது. சிறுகோள்களின் வரலாற்றில் அதிகாரத்துக்குக் கிடைத்த முதலாவது மறுப்பு அது.

அதனைத் தொடர்ந்து பல்லாஸ், யூனோ, வெஸ்டா என்று தெய்வப் பெண்களின் பெயர்களே சூட்டப்பட்டு வந்தன. 1850இல் ஜோன் ரசல் ஹைண்ட் தாம் கண்ட சிறுகோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது அமெரிக்க வானியலாளர்கள் எதிர்த்தனர். அரியணையில் இருக்கும் ஒரு மகாராணியின் பெயரை எப்படி வைக்கலாம் என்பது அவர்களது கேள்வி. விக்டோரியா என்பது உரோமரின் வெற்றித் தெய்வம் என்ற விளக்கம் அப்பெயரைக் காப்பாற்றியது.

நமது பிராந்தியமும் இந்த வரலாற்றில் ஆரம்பத்திலேயே இடம்பெற்றது. சென்னை வான்காணகத்தில் அரச வானியலாளராக இருந்த நோர்மன் பொக்சன் 1861இல் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதலாவது சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அதன் இலக்கம் 67.

புகைப்படக் கலை வானியலுக்குள் நுழைந்த பின்னர் சிறுகோள்கள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. தெய்வங்களின் பட்டியல் தீர்ந்துபோயிற்று. மனைவியர், மகள்மார், ஊர்கள், பல்கலைக்கழகங்கள் என்று பெயர்கள் விரிந்தன. அரசியலும் மெல்ல நுழைந்தது. 852ஆம் இலக்கச் சிறுகோள் லெனினின் பெயரிலிருந்து பிறந்த விளதிலேனா. 932ஆம் இலக்கச் சிறுகோள், முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் பசியில் வாடிய ஐரோப்பாவுக்கு உணவு அனுப்பும் பணியை நடத்தியவரும் பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவருமான ஹேர்பேர்ட் ஹூவரின் நினைவாக ஹூவேரியா.

இந்த அனுபவங்களுக்குப் பின்னர் உருவானவையே இன்றைய விதிகள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கீழ் இயங்கும் ஒரு குழு பெயர்களைப் பரிசீலித்து ஏற்கிறது. சுற்றுப்பாதை திட்டமாகக் கணிக்கப்பட்டதும் சிறுகோளுக்கு நிரந்தர இலக்கம் கிடைக்கும். அதன் பின்னர் பத்து ஆண்டுகளுக்குப் பெயரைப் பிரேரிக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. பெயர் 16 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. வர்த்தகப் பெயர்களுக்கு இடமில்லை. அரசியல்வாதிகள், இராணுவத் தலைவர்கள் ஆகியோரின் பெயரைச் சூட்ட வேண்டுமானால் அவர் இறந்து நூறு ஆண்டுகள் கழிய வேண்டும். இந்த விதியை வாசித்தபோது, இதனை நமது உள்ளூராட்சி மன்றங்களுக்கும் நீட்டினால் என்ன என்ற ஆசை எனக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

இன்னுமொன்றையும் இங்கே கூறவேண்டும். பணம் பெற்றுக்கொண்டு நட்சத்திரங்களுக்குப் பெயர் சூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் வியாபாரங்கள் உள்ளன. அவை வழங்கும் சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே உதவும். வானியலாளர் எவரும் அப்பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. உத்தியோகபூர்வப் பெயர் விலைக்குக் கிடைப்பதில்லை. இன்று நிரந்தர இலக்கம் பெற்ற சிறுகோள்கள் 8 இலட்சத்துக்கும் அதிகம். பெயர் பெற்றவை ஏறத்தாழ 25,000 மாத்திரமே. மன்னருக்கும் செல்வந்தருக்கும் கதவு அடைக்கப்பட்ட அந்த இடத்துக்குள் கதைசொல்லிகள் நுழைந்தனர்.

அவர்களை உள்ளே அழைத்தவர்கள் வானியலாளர்களே. 1981 மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிறிங் வான்காணகத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் ஷெல்ற் பஸ் என்ற இளம் வானியலாளர் பெருந்தொகையான சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். அவற்றுள் மூன்றின் பெயர்களைக் கவனியுங்கள். 4659 ரொடன்பெரி, 4923 கிளார்க், 5020 அசிமோவ். முதலாமவர் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர். மூன்றாமவர் ரோபோக்களுக்கு ஒழுக்கவிதி எழுதியவர். நடுவில் இருப்பவர் நமக்கு அயலவர். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச் 19ஆந் திகதி கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்த சேர் ஆதர் சி. கிளார்க்.

தமக்குக் கிடைத்த இலக்கத்தைப் பற்றிக் கிளார்க் வேடிக்கையாகக் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. 2001 என்ற எண்ணோடு தம் பெயரைப் பிரிக்க முடியாதபடி எழுதிய அவருக்கு அந்த இலக்கச் சிறுகோளே பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் 2001ஆம் இலக்கம் அதற்கு முன்னரே ஐன்ஸ்டைன் என்பவருக்குப் போய்விட்டது. அத்தகைய ஒருவரிடம் இடத்தைப் பறிகொடுத்ததில் வருத்தப்பட எதுவுமில்லை.

இது மேற்குலகின் வழக்கம் மாத்திரம் அன்று. பனிப்போர்க் காலத்தில் சோவியத் கிரிமியாவில் பணியாற்றிய நிக்கொலாய் செர்னிக் 1977இல் கண்ட சிறுகோள் ஒன்று ரஷ்யப் புனைகதைச் சகோதரர்களான ஸ்ட்ருகாட்ஸ்கிகளின் பெயரைத் தாங்குகிறது. 1979இல் அவர் கண்ட இன்னொன்று போலந்து எழுத்தாளர் ஸ்ரனிஸ்லாவ் லெம்மின் பெயரைப் பெற்றது. இரு முகாம்களும் ஒன்றையொன்று ஏவுகணைகளால் குறிவைத்திருந்த காலத்தில், இரு பக்கத்து வானியலாளர்களும் தத்தம் கதைசொல்லிகளை ஒரே வளையத்தில் சுற்ற விட்டிருந்தனர்.

வேடிக்கைக்கும் குறைவில்லை. 1971இல் ஆர்ஜென்ரீனாவில் ஜேம்ஸ் கிப்சன் கண்டுபிடித்த 2309ஆம் இலக்கச் சிறுகோளின் பெயர் மிஸ்டர் ஸ்பொக். ஸ்டார் ட்ரெக் பாத்திரத்தின் பெயரல்லவா என்று நினைப்பீர்கள். உண்மையில் அது கிப்சன் வளர்த்த பூனையின் பெயர். கூரிய காதுகளும் கலங்காத சுபாவமும் கொண்டிருந்ததால் பூனைக்கு அப்பாத்திரத்தின் பெயரை வைத்திருந்தார். இதன் பின்னர், வளர்ப்புப் பிராணிகளின் பெயரைத் தவிர்க்குமாறு ஒன்றியம் கேட்டுக்கொண்டது. ஸ்பொக்காக நடித்த லெனர்ட் நிமோய் 2015 பெப்ரவரி 27ஆந் திகதி மறைந்தார். அவ்வாண்டு யூன் மாதத்தில் 4864ஆம் இலக்கச் சிறுகோள் நிமோய் என்று பெயர் பெற்றது. பூனைக்குப் பின்னரே நடிகருக்கு முறை வந்தது.

ஆங்கில நகைச்சுவைப் புனைகதையாளர் டக்ளஸ் அடம்ஸ் 2001 மே 11ஆந் திகதி காலமானார். பிரபஞ்சத்தின் இறுதிக் கேள்விக்கு விடை 42 என்று அவர் கதையில் எழுதியது உலகப் பிரசித்தம். 2001 பெப்ரவரியில் கண்டுபிடிக்கப்பட்டு 2001 டிஏ42 என்ற தற்காலிகக் குறியீட்டைப் பெற்றிருந்த ஒரு சிறுகோளை ஒருவர் பின்னர் கவனித்தார். அவர் மறைந்த ஆண்டும், பெயரின் முதலெழுத்துகளும், 42உம் அதில் ஒருங்கே இருந்தன. 2005இல் அது டக்ளஸ் அடம்ஸின் பெயரைப் பெற்றது. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் இயன் பேங்க்ஸ் தமக்குப் புற்றுநோய் என்று 2013இல் அறிவித்தபோது, சிறுகோள் மையத்தில் பணியாற்றிய வானியலாளர் ஒருவர் அவருக்காக விண்ணப்பித்தார். பேங்க்ஸ் யூன் 9ஆந் திகதி மறைந்தார். 5099ஆம் இலக்கச் சிறுகோளின் பெயர் அதே மாதம் 23ஆந் திகதி அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரங்கள் பிந்திவிட்டது.

எழுத்தாளர் சரி, நடிகருக்கு ஏன் என்று வாசகர் கேட்கலாம். கட்அவுட்டுகளுக்குப் பாலூற்றும் பழக்கத்தைக் கண்டு சலித்த தமிழ் வாசகர் கேட்பதில் நியாயமும் உண்டு. பிறர் எழுதிய வசனத்தைப் பேசியவருக்கு வானத்தில் இடம் எதற்கு? இதற்கு இரண்டு பெயர்களைக் கொண்டு பதில் கூற முயல்கிறேன்.

முதலாவது, 68410 நிக்கல்ஸ். 1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் விண்கலத்தின் தொடர்பாடல் அதிகாரியாக நடித்தவர் நிக்கெல் நிக்கல்ஸ். கறுப்பினப் பெண்களுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே கிடைத்த காலம் அது. முதற்கட்டத் தொடர் முடிந்ததும் விலகிவிட நினைத்த தம்மை மார்ட்டின் லூதர் கிங் தடுத்தார் என்று அவர் பின்னாளில் கூறிவந்தார். 1977இல் நாசா நிறுவனம் விண்வெளி வீரர்களைச் சேர்த்தபோது, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கத் தூண்டும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1978இல் தெரிவான அணியில் சலி றைட், கயன் புளூபோர்ட், ஜூடித் ரெஸ்னிக், ரொனால்ட் மக்நயர் ஆகியோர் இருந்தனர். றைட் 1983இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி ஆனார். புளூபோர்ட் அதே ஆண்டில் விண்வெளி சென்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் ஆனார். ரெஸ்னிக்கும் மக்நயரும் 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது உயிரிழந்தனர். அந்த எழுவரின் பெயர்களையும் 3350 முதல் 3356 வரையான சிறுகோள்கள் தாங்குகின்றன. 2003இல் கொலம்பியா விண்ணோடத்துடன் மறைந்த கல்பனா சாவ்லாவின் பெயரை 51826ஆம் இலக்கச் சிறுகோள் தாங்குவது போலவே. திரையில் அதிகாரியாக நடித்தவரும், அந்தப் பாதையில் உண்மையாகவே புறப்பட்டுத் திரும்பாதவர்களும் இன்று ஒரே வானத்தில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, 7307 டக்கெய். அதே தொடரில் விண்கலத்தைச் செலுத்துபவராக நடித்த ஜோர்ஜ் டக்கெய் 1937இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். ஜப்பானுடன் யுத்தம் மூண்டபின் 1942இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த கட்டளையின் பேரில் ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் சிறுவன் டக்கெய்யும் இருந்தான். முதலில் ஆர்க்கன்சோ மாநிலத்தின் ரோவர் முகாம், பின்னர் கலிபோர்னியாவின் ரூலி லேக் முகாம். அமெரிக்கா அதற்காகச் சட்டபூர்வமாக மன்னிப்புக் கோரியது 1988இல். பல இனத்தவரும் ஒரே கலத்தில் சமமாகப் பணிபுரியும் எதிர்காலத்தை நடித்துக் காட்டிய அந்த மனிதரின் பெயர், 1994இல் இரண்டு ஜப்பானியர் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு 2007இல் சூட்டப்பட்டது. இனத்தின் பெயரால் முட்கம்பிக்குள் அடைபடுவதென்றால் என்னவென்று அறிந்த ஈழத்து வாசகருக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆக, அந்தப் பெயர்கள் புகழுக்குக் கிடைத்த பரிசல்ல. நிக்கல்ஸைத் திரையில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளி சென்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்மணி ஆனார். வானத்தைத் தொழிலாகக் கொண்ட பலரை முதலில் மேலே பார்க்க வைத்தது ஒரு கதைப் புத்தகமோ தொலைக்காட்சித் தொடரோதான். தமக்கு வழிகாட்டியவரின் பெயரை அவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆசிரியருக்கு வைக்கும் தட்சணை போன்றது அது.

தமிழகத்துக்கும் அந்த உரிமை கிடைத்ததுண்டு. 1988 பெப்ரவரியில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்காணகத்தில் ஆர். ராஜமோகன் தலைமையிலான குழு கண்டுபிடித்த சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயரிடப்பட்டது. இலக்கம் 4130. கணிதமேதைக்கு அது தகும். தமிழில் கணினியையும் ரோபோவையும் கதைக்குள் கொண்டுவந்து ஒரு தலைமுறையையே விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பிய சுஜாதாவுக்கும் அது தகும் என்பது என் எண்ணம். கிளார்க் மறைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 2008 பெப்ரவரி 27ஆந் திகதி அவர் மறைந்தார். அவரை வாசித்து வானியலுக்குப் போன தமிழர் எவரேனும் இதை மனத்திற் கொள்ளட்டும்.

இதெல்லாம் வெறும் மரியாதைச் சடங்குதானா? கதைசொல்லிகளை நினைவுகூர்வதால் உலகுக்கு ஏதும் பயனுண்டா? கடைசியாக ஒரு சிறுகோளைப் பற்றிச் சொல்கிறேன்.

2004 யூன் மாதத்தில் அமெரிக்காவின் கிற் பீக் வான்காணகத்தில் மூவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தனர். டிசெம்பரில் அது மீண்டும் அகப்பட்டதும் கணக்குகள் பயமுறுத்தின. 2029 ஏப்ரல் 13ஆந் திகதி அது பூமியில் மோதக்கூடிய வாய்ப்பு நாளுக்கு நாள் கூடி, டிசெம்பர் 27ஆந் திகதி 2.7 சதவீதத்தைத் தொட்டது. வேறு எந்தச் சிறுகோளும் அதற்கு முன்னர் அவ்வளவு கவலையைத் தந்ததில்லை. ஆனால் உலகம் அதைக் கவனிக்கவில்லை. முதல் நாள்தான் ஆழிப்பேரலை வந்திருந்தது. முல்லைத்தீவிலிருந்து காலி வரை இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. அந்த வாரத்தில் எங்கள் நாட்டுப் பத்திரிகை அலுவலகம் எதிலும் எவரும் வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நல்லவேளையாக, பழைய படங்களில் அச்சிறுகோள் தென்பட்டதால் அன்றே 2029ஆம் ஆண்டு மோதல் இல்லை என்று தெளிவாயிற்று. 2021இல் நடந்த ராடார் அவதானிப்புக்குப் பின்னர் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்று நாசா அறிவித்தது. 2005இல் அதற்குச் சூட்டப்பட்ட பெயர் அபொபிஸ். சூரியக் கடவுளின் பகையான எகிப்திய இருட்பாம்பு. இராகுவை அறிந்த நமக்கு அந்தக் கற்பனை அந்நியமன்று. ஆயினும், அதைக் கண்டுபிடித்தவர்களுள் இருவர் ஸ்டார்கேட் என்ற விஞ்ஞானப் புனைகதைத் தொடரின் ரசிகர்கள் என்பதும், அத்தொடரின் வில்லன் பெயர் அபொபிஸ் என்பதும் தற்செயலல்ல.

இத்தகைய சிறுகோள்களைத் தேடிக் கணக்கிடும் பணிக்கு வழங்கப்பட்ட பெயர் ஸ்பேஸ்கார்ட். 1992இல் நாசா நிபுணர் குழுவொன்று தயாரித்த அறிக்கை அப்பெயரைத் தாங்கியது. அது எங்கிருந்து வந்தது? கிளார்க் 1973இல் வெளியிட்ட ராமாவுடன் ஒரு சந்திப்பு நாவலில், 2077இல் வட இத்தாலியை ஒரு விண்பாறை அழித்த பின்னர் மனிதர் அமைக்கும் காவல் திட்டத்தின் பெயர் ஸ்பேஸ்கார்ட். அழிவு வந்த பிறகு விழிப்பது கதையில். வருமுன் விழித்தது நிஜத்தில். ஆழிப்பேரலைக்கு முன்னர் இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது, ஒரு கதைசொல்லியின் கற்பனை எத்தனை உயிர்களுக்குச் சமம் என்று எண்ணத் தோன்றுகிறது.

2029இல் அபொபிஸ் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் உயரத்தில் கடந்து செல்லும். தொடர்பாடற் செய்மதிகள் நிலைகொண்டிருக்கும் வளையம் அதற்கும் மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த வளையத்தின் பயனை 1945இல் எழுதிக் காட்டியவரும் கிளார்க்தான். அதனை அவர் பெயராலேயே அழைப்போரும் உண்டு. அபொபிஸ் கிளார்க் வளையத்துக்குள் புகுந்து வெளியேறும். இலங்கை நேரப்படி அது ஏப்ரல் 14ஆந் திகதி அதிகாலை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வேளை. எவரும் அஞ்சத் தேவையில்லை. அதன் பாதையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணித்து வைத்திருக்கிறார்கள், சிறுவயதில் கதைகளை வாசித்தவர்கள்.